தரம்: எளிது

துறை கொடுத்த சக்கரம்
மீட்டருக்கு ஒரு தரம் ‘டிக்’ என்னும்.
உசிலம்பட்டிச் சாலையை விட்டு இறங்கி
பெரிய கண்மாய்க் கரையில்
ஆறேகாலுக்கு அதைப் பூஜ்யத்தில் வைத்தோம்.
உருட்டுவது ஒச்சப்பன்.
எழுதுவது நான், ரஹ்மத் நிஷா, ஒப்பந்த ஊழியர்.

படிவத்தில் ஐந்து கட்டம்:
தூரம், ஏற்றம், நிழல், குடிநீர், தரம்.

நானூறு வரை மருத மரங்கள்.
நிழல்: உண்டு, என்று எழுதினேன்.
எழுதிய தாளிலேயே இலை நிழல் அசைந்தது.
அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

அறுநூற்றுப் பத்தில் மடை.
மடைக்கல்லில் நீர்க்காகம்
நனைந்த குடையைப் போல் தன்னை விரித்து வைத்திருந்தது.
முங்கிய முக்குளிப்பான் எங்கே எழும் என்று
ஒச்சப்பன் பந்தயம் கட்டினான்.
இரண்டு டீ தோற்றேன்.

எதிரே விறகுக்கட்டோடு ஒரு பெண்.
அவள் ஒதுங்கவில்லை, நாங்கள் ஒதுங்கினோம்.
“என்னத்த அளக்குறீக?”
“நடைபாதைக்கா. மதுரைல இருந்து வந்து நடக்க.”
“எங்க போக?”
“எங்கயும் இல்ல. சும்மா நடக்க.”
தலையில் கருவேலங்கட்டைச் சற்று நகர்த்தி
“சும்மாவா” என்றாள்.
அவள் போகும்வரை
எண்ணூற்றுப் பன்னிரண்டில் நின்றது சக்கரம்.

எண்ணூற்று எழுபதில் ஒச்சப்பன்
அதைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டான்.
சேறில்லை. கல்லில்லை.
சொல்லப்போனால் கரை அங்கேதான் நேர்த்தி.
மண் மட்டும் கொஞ்சம் சிவப்பு.
மருதம் இல்லை, இடுப்புயரப் பூவரசுகள்,
எல்லாம் ஒரே வயது.
பதினெட்டு எட்டு நடந்தான்.
இறக்கினான்.
‘டிக்.’

நான் கேட்கவில்லை.
பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஆயிரத்து அறுநூறில் கோட்டை.
அகழி முழுக்கக் கத்தரிச் செடி,
யானைக்கொட்டிலில் வெள்ளாடுகள்.
வாசலுக்குப் பூட்டு. சாவி தாலுகா ஆபீசில்.
தாலுகா ஆபீசில் கேட்டால், தொல்லியலில்.
அதனால் எங்கள் அம்புக்குறி
மேற்குச் சுவரின் ஓட்டை வழியாகப் போகிறது.
என்றைக்கோ ஒரு பீரங்கி
மூன்று நாள் முட்டித் திறந்ததாம்.
இப்போது அகலம் இரண்டே கால் மீட்டர்,
படியில்லை, சக்கர நாற்காலியும் போகும்.
ஏற்றம்: இல்லை.

கொத்தளத்து மேட்டில் நின்றால்
கண்மாய் ஒரே தகடாக மின்னுகிறது.
கரை வளைந்து வளைந்து வர
நடுவில் ஒரு துண்டு மட்டும் வேறு நிறம்,
சட்டையில் போட்ட ஒட்டு மாதிரி.

ஒச்சப்பன் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
எண்ணிக்கையை விடாமலே சொன்னான்:
“ஐப்பசி. ராத்திரி ரெண்டு மணி.
முப்பது பேர் மணல்மூட்டை போட்டோம்.
இருபத்தொம்பது பேர் விடிஞ்சு கஞ்சி குடிச்சோம்.”
பிறகு, “பதினாலு ஆடு” என்றான்.

சரிபார்க்கத் திரும்பி அளக்க வேண்டும், அது விதி.
இந்த முறை சக்கரம் என் கையில்.
பூவரசு தொடங்கும் இடத்தில் தூக்கினேன்.
வெறும் இரும்பும் ரப்பரும்தான்,
கை கடுத்தது.
அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான்,
திரும்பிப் பார்க்கவில்லை.

செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு
அதிகாரி கேட்டார்:
“பன்னிரண்டு மீட்டர் உதைக்குதேம்மா?”
“ஈர மண் சார், வழுக்கியிருக்கும்.”
கையெழுத்துப் போட்டார்.

பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து.
ஞாயிறுதோறும் கார்கள் வருகின்றன.
கண்மாயோரம் சும்மா நடக்கிறார்கள்,
ஓட்டை வழியே உள்ளே போய்ப் படம் எடுத்து
அதே வழியே வெளியே வருகிறார்கள்.
தரம்: எளிது.
அது பொய்யில்லை, ஒரு குழந்தை
அப்பாவை முந்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன்.

கைக்கடிகாரத்தில் எட்டு எண்ணும் ஒருவர்
புகார் எழுதியிருக்கிறார்:
பலகையில் உள்ள தூரம் தவறு, திருத்தவும்.
கோப்பு என் மேசையில் இருக்கிறது,
அதன் மேல் டீ கிளாஸ்.